வரப்பில் நின்ற நேரம்

அருப்புக்கோட்டையில் விசைத்தறிச் சத்தம் பகலெல்லாம் ஓயாத ஒரு தெருவில், மாடியில் இயங்கிவருகிறது தென்கரிசல் வான்பறப்புப் பதிவேட்டு வாரியம். இந்தப் பக்கம் ஒரு விமான தளம் வரப்போகிறது என்று ஒரு காலத்தில் பேச்சு அடிபட்டது. தளம் வந்தால் விமானம் வரும், விமானம் வந்தால் விமானி வருவார், எந்தெந்த வகை விமானத்தில் எத்தனை மணி நேரம் பறந்தார் என்று எழுதிய பதிவேட்டையும் கையோடு கொண்டுவருவார், அதைச் சரிபார்க்க ஆள் வேண்டாமா என்று யாரோ ஒரு புண்ணியவான் யோசித்திருக்கிறார். முன்யோசனை என்றால் அப்படி ஒரு முன்யோசனை. தளம் வரவில்லை. அதற்காக அளந்து கல் ஊன்றிய பொட்டலில் இன்றைக்கும் வெள்ளாடுதான் மேய்கிறது. வாரியம் மட்டும் சொன்ன தேதிக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

வந்தது சும்மா உட்காரவில்லை. தினமும் காலையில் மொட்டைமாடியில் காற்றுத் திசை காட்டும் துணிக்குழாயை ஏற்றுவார்கள். தறிக்கூடங்களிலிருந்து பறந்துவரும் பஞ்சு அதில் அப்பிக்கொள்ளும். ‘காற்று: தென்மேற்கு. பஞ்சு: மிதம்’ என்று குறித்துக்கொண்டு, சாயங்காலம் இறக்கி மடித்துப் பீரோவில் வைத்துப் பூட்டுவார்கள். வருடம் தவறாமல் மேலிடத்துக்கு அறிக்கை போகும்: ‘இவ்வாண்டும் நம் எல்லைக்குள் விமான விபத்து ஏதும் நிகழவில்லை.’ வருடம் தவறாமல் பாராட்டுச் சான்றிதழ் வரும். சுவரில் இடமில்லாமல் போய், இப்போதெல்லாம் சான்றிதழ்களைக் குளியலறைக்குப் போகும் வழியில் மாட்டுகிறார்கள். அங்கே வேலைக்குச் சேர்ந்து, வாழ்நாளில் ஒரு விமானியைக்கூடப் பார்க்காமல் ஓய்வு பெற்று, மாலையும் கழுத்துமாகப் போட்டோ எடுத்துக்கொண்டு போனவர்கள் பலர்.

அந்த வாரியத்தின் படியேறி வந்த முதல் விமானி, திருச்சுழிக்குத் தெற்கே நல்லாங்குளத்தைச் சேர்ந்த ஜெகதீஸ்வரி. கையில் ஒரு கட்டைப்பை, பைக்குள் தண்ணீர் பாட்டில், அதற்கும் கீழே அவளுடைய பறப்புப் பதிவேடு.

ஜெகதீஸ்வரி பறக்க ஆசைப்பட்டவள் அல்ல. போன கார்த்திகையில் அவள் புருஷன் வீரபாண்டி, முதுகில் மாட்டும் பெட்ரோல் ஸ்பிரேயரோடு மக்காச்சோளத்துக்குள் மருந்தடிக்கப் போனான். பயிர் தலைக்கு மேலே வளர்ந்து நின்றது. அடித்த மருந்து காற்றில் கலைய வழியில்லாமல் அவன் முகத்திலேயே இறங்கியது. வாயில் நுரை தள்ளக் கிடந்தவனை வாரிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பிழைத்துவிட்டான். ஆனால் டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, “இன்னொரு தரம் இந்த மருந்து இவர் உடம்புக்குள்ள போச்சுன்னா நான் பொறுப்பில்லம்மா” என்று சொன்னார். அதற்கப்புறம்தான் மகளிர் குழுவில் ட்ரோன் ஓட்டப் பயிற்சிக்கு யார் போகிறீர்கள் என்று கேட்டபோது, மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, இவள் கையைத் தூக்கினாள். வெளியூரில் தங்கிப் படித்து, சின்ன ட்ரோனில் பழகி, மருந்தடிக்கும் பெரிய ட்ரோனோடு ஊர் திரும்பினாள். அன்றைக்கே ஸ்பிரேயரைத் தொழுவத்துப் பரணில் தூக்கிப் போட்டாள்.

இந்த வருஷம் மக்காச்சோளம் நன்றாக வந்திருந்தது. கூடவே படைப்புழுவும் வந்துவிட்டது. குருத்துக்குள் புழு இறங்குவதற்குள் மருந்தடித்தாக வேண்டும். இறங்கிவிட்டால் என்ன அடித்தும் பிரயோஜனம் இல்லை. அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு சுற்றறிக்கை வந்தது. எல்லைக்குள் பறக்கிற எதுவானாலும் அதை ஓட்டுபவரின் பதிவேட்டில் வாரியத்தின் முத்திரை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பறக்கக் கூடாது. முத்திரைதானே, ஒரு நடை போய்க் குத்திக்கொண்டு வந்துவிடலாம் என்று காலை பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தாள்.

“என்ன வேணும்?” என்று கேட்ட பதிவேட்டு ஆய்வாளர் சுவாமிதாஸ், அவள் நீட்டிய பதிவேட்டைப் பிரித்துப் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார். கண் கலங்கிவிட்டது மனிதருக்கு.

“மேடம்! விமானி வந்திருக்காங்க!”

உள்ளேயிருந்து இணை இயக்குநர் சுகப்பிரியா வந்தார். எழுத்தர்கள் வந்தார்கள். யாரோ டீ வாங்க ஓடினார்கள். ஜெகதீஸ்வரியை மெத்தை வைத்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அந்த நாற்காலியின் பாலிதீன் உறையை அன்றைக்குத்தான் பிரித்தார்கள். இவ்வளவு மரியாதை நடந்தால் வேலை நடக்காது என்று அவளுக்கு அப்போதே ஒரு சந்தேகம் தட்டியது.

டீ குடித்து முடித்ததும் சுவாமிதாஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“வானூர்தி வகைன்னு இருக்கிற இடத்துல ரெண்டு எழுதியிருக்கீங்க. சின்னதுல எத்தனை எஞ்சின்?”

“அதுல மோட்டாருதான் சார். நாலு.”

“பெருசுல?”

“ஆறு.”

அறையில் ஒரு பெருமூச்சு எழுந்து அடங்கியது. சுவாமிதாஸ் பேனாவைக் கீழே வைத்தார். “ஏம்மா, கடல் தாண்டிப் போற விமானத்துக்கே ரெண்டு எஞ்சின், மிஞ்சிப்போனா நாலு. நீங்க நல்லாங்குளத்துல ஆறு எஞ்சின் ஓட்டுறீங்க. நல்லது. சந்தோஷம். ஆனா ஒத்தை எஞ்சின் ஓட்டின நேரம் எங்க?”

“ஒத்தை எஞ்சினா?”

“முதல்ல ஒண்ணு, அப்புறம் ரெண்டு, அப்புறம் நாலு. அதுக்கப்புறம்தான் ஆறு. ஒண்ணாங்கிளாஸ் படிக்காம காலேஜுல சேர முடியுமா?”

“ஒரு மோட்டாரை வச்சா அது பறக்காது சார். நின்ன இடத்துலயே கிறுகிறுன்னு சுத்தும்.”

“பறக்குதா பறக்கலையாங்கிறது தொழில்நுட்பம். அது நம்ம பிரிவு இல்ல” என்றார் சுவாமிதாஸ் பரிவோடு. “நாம எழுதுற பிரிவு.”

அன்று மத்தியானமே அவர் அவளோடு ஊருக்கு வந்தார். ட்ரோனின் ஆறு கைகளிலும் நூல் சுற்றி, முடிச்சுக்கு முடிச்சு அரக்கு உருக்கி ஊற்றி முத்திரை வைத்தார். ஆறாவது கைக்கு அரக்கு பற்றாமல் போனதால், பக்கத்து வீட்டு மெழுகுவர்த்தியை வாங்கி அதை உருக்கி ஊற்றினார். பதிவேடு சரியானதும் தானே வந்து உடைத்துத் தருவதாகச் சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பினார்.

வீரபாண்டி ட்ரோனைச் சுற்றிவந்து பார்த்தான். “என்ன புள்ள, சீர்வரிசைத் தட்டு மாதிரி கட்டி வச்சிருக்காரு?”

“நாளைக்குச் சரியாயிரும். நீங்க பரணைப் பாக்காதீங்க” என்றாள் ஜெகதீஸ்வரி.

நாளைக்குச் சரியாகவில்லை. மறுநாள் சுவாமிதாஸ் பதிவேட்டை முதலிலிருந்து படித்திருந்தார். படித்ததில் ஊர்க்கோயில் கும்பாபிஷேகம் அகப்பட்டுக்கொண்டது.

வைகாசியில் நல்லாங்குளம் அய்யனார் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். கலசத்தில் ஊற்றிய தீர்த்தத்தைக் கூட்டத்தின் மேல் தெளிக்க இப்போதெல்லாம் ட்ரோன் வேண்டியிருக்கிறது. அது வராத கும்பாபிஷேகத்தை ஊரார் கும்பாபிஷேகமாகவே மதிப்பதில்லை. ஜெகதீஸ்வரி ட்ரோன் தொட்டியைக் கழுவோ கழுவென்று கழுவி, மஞ்சள் நீர் விட்டு அலசி, அதில் தீர்த்தத்தை நிரப்பித் தெளித்தாள். அதைப் பார்த்துவிட்டு, பக்கத்து ஊர் மாதா கோயில் திருவிழாவுக்குத் தெரசாள் டீச்சர் வந்து கூப்பிட்டார். தொட்டியைக் கழற்றிவிட்டுக் கூடை கட்டி, சப்பரத்தின் மேல் ரோஜா இதழ் தூவினாள். பயிற்சியில் ஒன்றையும் விடாமல் எழுதச் சொல்லியிருந்தார்களே என்று இரண்டையும் ஒழுங்காகப் பதிவேட்டில் எழுதியும் வைத்தாள். இந்த நாட்டில் ஒழுங்காக எழுதிவைத்ததால் மாட்டிக்கொண்டவர்கள் கூட்டத்தில் அவளும் ஒருத்தி.

“மருந்து ஏத்தினா வேளாண் வானூர்தி. தீர்த்தம் ஏத்தினா ஆன்மிக வானூர்தி. பூ ஏத்தினா அலங்கார வானூர்தி. மூணும் மூணு வகை” என்றார் சுவாமிதாஸ்.

“ஒரே ட்ரோன்தான சார்?”

“நீங்க அப்படிப் பாக்குறீங்க. பதிவேடு அப்படிப் பாக்காது. மூணுக்கும் தனித்தனிப் பதிவேடு போடணும். ஒண்ணுல ஓட்டின நேரத்தை இன்னொண்ணுல கூட்டக் கூடாது.”

“சரி, தனித்தனியா எழுதித் தாரேன். மருந்தடிச்சது மட்டும் பாத்துக் குத்திக் குடுங்க. எங்க ஊருல புழு ஏறிக்கிட்டிருக்கு.”

சுவாமிதாஸ் அவளை உட்காரச் சொல்லி, மூன்று வெற்றுப் பதிவேடுகளை எடுத்துவைத்தார். ஒவ்வொரு பறப்பிலும் பயணிகள் எத்தனை பேர், ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று ஒரு கட்டம் இருந்தது. பயணி யாரும் இல்லை என்றாள். காலியாக விட்டால் கணினி ஏற்காது என்றார் அவர். கடைசியில் மருந்தையே பயணியாகக் கொள்ளலாம் என்று முடிவானது. ஆணா பெண்ணா என்ற கேள்விக்கு எழுத்தர்கள் கூடிப் பேசி ‘பிற’ என்று எழுதினார்கள். அந்தப் பயணி இருக்கைப் பட்டி அணிந்திருந்தாரா என்று ஒரு கட்டம். பயணி இறங்கிய இடம் என்று இன்னொரு கட்டம். பயணி பக்கத்துக் காட்டுத் தனுஷ்கோடி சித்தப்பாவின் பருத்தியில் துளித்துளியாக இறங்கினார் என்று அவளே எழுதினாள். எழுதும்போது சிரிப்பு வந்தது. நிமிர்ந்து பார்த்தால் எதிரில் யாரும் சிரிக்கவில்லை, அதனால் அவளும் அடக்கிக்கொண்டாள்.

இப்படியே அவள் பஸ்ஸில் போவதும் வருவதுமாக நாட்கள் ஓடின. புழு பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை. சாயங்காலம் திரும்பியதும் நேரே மக்காச்சோளக் காட்டுக்குப் போய் இலையை விரித்துப் பார்ப்பாள். ஒவ்வொரு நாளும் புழு அரித்த சல்லடைக்கண் கூடிக்கொண்டே போனது. அடுத்த காட்டுக்காரர் தனுஷ்கோடி, வீரபாண்டிக்குச் சித்தப்பா முறை. அவர் வரப்பில் நின்று, “ஆத்தா ஜெகதி, உன் மிசினை நம்பித்தான் நானும் கைகட்டி நிக்கேன்” என்பார். ஒருநாள் தொழுவத்தில் பெட்ரோல் வாடை அடித்தது. ஜெகதீஸ்வரி வீரபாண்டியின் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்து, “இது மேல சத்தியம் பண்ணுங்க” என்றாள்.

“ஏ புள்ள, சும்மா எஞ்சினு ஓடுதான்னு பாத்தேன். நான் போகல, போதுமா?” என்று கையை உருவிக்கொண்டான். சத்தியம் மட்டும் பண்ணவில்லை.

அடுத்த முறை போனபோது சுகப்பிரியாவே அவளைத் தன் அறைக்கு அழைத்தார். மேஜையில் அவளுடைய பதிவேடும் புதிய மூன்று பதிவேடுகளும் அடுக்கியிருந்தன.

“ஒரு அடிப்படைச் சந்தேகம் ஜெகதீஸ்வரி. இந்தப் பறப்புகளின்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?”

“வரப்புல மேடம்.”

“வானூர்தி?”

“மேல.”

“நீங்கள் அதற்குள் இல்லை.”

“அதுக்குள்ள ஆளு உக்கார முடியாது மேடம். கையில ரிமோட்டை வச்சிக்கிட்டு வரப்புல நின்னுதான் ஓட்டணும்.”

சுகப்பிரியா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “இங்கேதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ‘பறந்த நேரம்’ என்று கேட்டிருக்கிறோம். நீங்கள் நின்ற நேரத்தை எழுதிக் கொண்டுவந்திருக்கிறீர்கள். வரப்பில் நின்ற நேரம் கணக்கில் வராது. வரப்பில் நிற்பவர்களையெல்லாம் விமானி என்று ஒப்புக்கொண்டால், இந்தத் தாலுகாவில் விமானி இல்லாத வீடே இருக்காது. பிறகு வாரியத்துக்கு என்ன மதிப்பு? உங்களுக்குத்தான் என்ன மதிப்பு? நான் உங்கள் நன்மைக்காகத்தான் சொல்கிறேன். விமானியும் வானூர்தியும் ஒன்றாக இருக்க வேண்டும். எஞ்சின் ஒன்றாக இருக்க வேண்டும். அப்படி ஏதாவது இருந்தால் காட்டுங்கள், இன்றைக்கே முத்திரை.”

ஜெகதீஸ்வரி வெளியே வந்தாள். மாடிப்படியில் உட்கார்ந்து வீரபாண்டிக்குப் போன் போட்டாள். கீழே தறிகள் அடித்துக்கொண்டிருந்ததால் கத்திப் பேச வேண்டியிருந்தது.

“இன்னைக்கும் ஆகாது போல! நான் ஓட்டினதே செல்லாதுங்காக!”

“சரி, வா” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான். அவன் அவ்வளவு சுருக்கமாகப் பேசுகிறவன் இல்லை.

உள்ளே என்ன தோன்றியதோ, சுகப்பிரியா களஆய்வு ஒன்று நடத்திவிடலாம் என்று அதற்குள் முடிவெடுத்திருந்தார். வாரியம் தோன்றிய நாளிலிருந்து நடக்கும் முதல் களஆய்வு. ஜீப்பைத் துடைத்தார்கள். மொட்டைமாடியிலிருந்து துணிக்குழாயையும் இறக்கி எடுத்துக்கொண்டார்கள். பின் இருக்கையில் ஜெகதீஸ்வரி, நேரில் வந்து பார்த்தால் மனசு இறங்கிவிடுவார்கள் என்று நம்பிக்கொண்டு வந்தாள்.

காட்டு வரப்பில் இறங்கியதுமே சத்தம் கேட்டது. டர்ரென்று ஒரே சீராக ஓடும் பெட்ரோல் எஞ்சின் சத்தம். மக்காச்சோளத்துக்கு நடுவில் வெள்ளையாக மருந்துப் புகை எழும்பி, பயிருக்கு மேலே பரவி, கிளம்பிய இடத்திலேயே கவிந்துகொண்டிருந்தது. ஆள் தெரியவில்லை.

“அய்யோ, ஏங்க! வெளிய வாங்க!” என்று ஜெகதீஸ்வரி கத்தினாள். எஞ்சின் சத்தத்தில் அது எடுபடவில்லை.

“என்ன சத்தம் அது?” என்றார் சுகப்பிரியா.

“என் வீட்டுக்காரரு மேடம். ஸ்பிரேயரை மாட்டிக்கிட்டு உள்ள போயிட்டாரு. அவருக்கு இந்த மருந்து ஆகாது.”

“ஸ்பிரேயர்ல எத்தனை எஞ்சின்?” என்று கேட்டார் சுவாமிதாஸ்.

“ஒண்ணுதான் சார். வழி விடுங்க.”

“அவர் எங்க இருக்காரு? பக்கத்துல நிக்காரா?”

“முதுகுல மாட்டியிருக்காரு சார்!”

சுவாமிதாஸும் சுகப்பிரியாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பொழுதெல்லாம் தேடிய மூக்குக்கண்ணாடி நெற்றியிலேயே இருக்கக் கண்டவர்களைப் போல இருந்தது இருவர் முகமும்.

“எஞ்சின் ஒண்ணு” என்றார் சுவாமிதாஸ்.

“விமானியும் ஊர்தியும் ஒன்றாக இருக்கிறார்கள்” என்றார் சுகப்பிரியா. “பயணி?”

“மருந்து மேடம். ஏறியிருக்கு. இறங்கிக்கிட்டும் இருக்கு.”

“உயரம்?”

சுவாமிதாஸ் கொஞ்சம் தயங்கினார். “கால் தரையிலதான் இருக்கு. பூஜ்யம்னு போடலாம். குறைஞ்சபட்ச உயரம் இவ்வளவு இருக்கணும்னு விதியில எங்கயும் இல்ல மேடம்.” சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுத ஆரம்பித்தார். எழுத்தர் ஒருவர் துணிக்குழாயைத் தூக்கிப் பிடித்துக் காற்று பார்த்தார்.

ஜெகதீஸ்வரி அவர்களைச் சுற்றிக்கொண்டு பயிருக்குள் இறங்கப் போனாள். சுவாமிதாஸ் குறுக்கே கையை நீட்டினார். “பறந்துக்கிட்டிருக்கிற விமானியை இடையில கூப்பிடக் கூடாதும்மா. கவனம் சிதறும். ஆபத்து.”

அந்தக் கையை அவள் தட்டிவிட்ட வேகத்தில் பேனா போய்த் தனுஷ்கோடியின் காட்டில் விழுந்தது.

சோள இலை முகத்தையும் கையையும் அறுக்க, மருந்து நெடியில் கண் எரிய, சத்தம் வந்த பக்கம் பார்த்து ஓடினாள். வீரபாண்டி முழங்காலில் விழுந்து, குனிந்து, மண்ணில் கையூன்றியிருந்தான். முதுகில் எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகியது. அவளைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தான், நாக்குப் புரளவில்லை. அவள் எஞ்சினை நிறுத்தினாள். வாரை இழுத்து அவிழ்த்து ஸ்பிரேயரை உதறி எறிந்தாள். “சித்தப்பா! சித்தப்பா!” என்று அவள் போட்ட சத்தத்தில் தனுஷ்கோடி ஓடிவந்தார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்து அவனை வரப்புக்கு இழுத்துவந்தார்கள்.

“எஞ்சின் நின்ன நேரம் குறிச்சாச்சு” என்றார் சுவாமிதாஸ்.

“விபத்தா?” என்று சுகப்பிரியா குரல் தணித்துக் கேட்டார்.

“இல்ல மேடம். அவசரத் தரையிறக்கம். பத்திரமா இறங்கிட்டாரு.”

“ஜீப்பை எடுங்கய்யா!” என்று கத்தினார் தனுஷ்கோடி.

ஜீப்பில் வான்பறப்பு சம்பந்தப்பட்டவர்கள் தவிர வேறு யாரையும் ஏற்றக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. சுவாமிதாஸ் ஒரு கணம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது. “இவர் இப்போ விமானி. ஏத்தலாம். ஆனா நீங்கம்மா...”

ஜெகதீஸ்வரி அவர் முடிக்கும்வரை நிற்கவில்லை. புருஷனை ஏற்றி, அவன் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்துவிட்டாள். இணை இயக்குநர் பின்னால் துணிக்குழாயோடு நெருக்கியடித்து உட்கார்ந்து வந்தார்.

ஆஸ்பத்திரியில் ஊசிமேல் ஊசியாகப் போட்டார்கள். அதே டாக்டர்தான். அவளைத் திட்டக்கூட அவருக்கு நேரமில்லை. ராத்திரி முழுக்க வீரபாண்டி சம்பந்தமில்லாமல் உளறினான், கையைக் காலை உதறினான். ஜெகதீஸ்வரி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டாள், மாதாவையும் விடவில்லை. விடிந்தபின் அவன் கண்ணைத் திறந்து, “மேக்காலப் பாதி அடிச்சிட்டேன்” என்றான். அவளுக்கு அவனை ஓங்கி அறைய வேண்டும் போலவும் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டாவதைச் செய்தாள்.

அப்போதுதான் சுவாமிதாஸ் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஒரு கவருமாக வந்தார். கவருக்குள் வீரபாண்டியின் பெயரில் புத்தம் புதிய பதிவேடு இருந்தது. முதல் பக்கத்தில் ‘வகை: ஒற்றை எஞ்சின்’ என்று எழுதி, முத்திரையும் குத்தியிருந்தது.

“வாழ்த்துகள்” என்று குளுக்கோஸ் ஏறாத கையைப் பிடித்துக் குலுக்கினார். “நம்ம எல்லையில முதல் தகுதி பெற்ற விமானி நீங்கதான். இனி உங்க பேர்ல ஆறு எஞ்சினை விடுவிக்கலாம்னு மேடம் சிறப்பு உத்தரவு போட்டிருக்காங்க. வீட்டுக்காரம்மா உதவியாளரா இருந்து இயக்கலாம்.”

“இவரு இங்க படுக்கையில கெடக்காரே சார்” என்றாள் ஜெகதீஸ்வரி.

“அதனால என்ன? தகுதி பெற்ற விமானி எங்க இருந்தாலும் தகுதி தகுதிதான.”

“விமானி ஊர்திக்குள்ள இருக்கணும்னு நேத்து சொன்னீங்களே?”

“அது தகுதி இல்லாதவங்களுக்கும்மா” என்றார் அவர்.

அவரோடு வாதாட அவளுக்குத் தெம்பில்லை, நேரமும் இல்லை. தம்பி பெண்டாட்டி முனீஸ்வரியைக் கட்டிலுக்குக் காவல் வைத்துவிட்டு ஊருக்குப் போனாள். சுவாமிதாஸ் அரக்கை உடைத்தார், மெழுகை உடைத்தார். பேட்டரி மாற்றி மாற்றி, பொழுது சாயும்வரை வரப்பில் நின்று மருந்தடித்தாள். தன் காடு, தனுஷ்கோடி காடு, அதற்கடுத்த காடு. கீழ்க்கோடியில் கொஞ்சம் புழுவுக்குப் போயிருந்தது. மற்றது தப்பித்தது. அவள் ஓட்டிய நேரத்தையெல்லாம் சுவாமிதாஸ் பக்கத்தில் குடை பிடித்து நின்று வீரபாண்டியின் பதிவேட்டில் எழுதினார். விமானி இருந்த இடம் என்ற கட்டத்தில் ‘ஆண்கள் வார்டு’ என்று எழுதினார்.

தை மாதம் வாரியம் பாராட்டு விழா எடுத்தது. ஜெகதீஸ்வரிக்கும் அழைப்பு வந்தது, ‘விமானியின் துணைவியார்’ என்று போட்டு. வேலை இருக்கிறது என்று அவள் போகவில்லை. வீரபாண்டி போனான். போகவில்லையென்றால் ஜீப்போடு வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள் என்று பயந்து போனான்.

சுகப்பிரியா மேடையில் உணர்ச்சிவசப்பட்டுப் பேசினார். “விமானமே இல்லாமல் ஒரு வாரியத்தை இத்தனை காலம் பிழையின்றி நடத்தலாம் என்று நாம் நாட்டுக்குக் காட்டினோம். இன்று அடுத்த கட்டத்துக்கு வந்திருக்கிறோம். படுக்கையை விட்டு எழாமலேயே இத்தனை மணி நேரம் பறந்த ஒரு விமானியை உருவாக்கியிருக்கிறோம். பறப்பதற்கு இறக்கை வேண்டும் என்பார்கள். வேண்டாம். முத்திரை போதும்!”

கைதட்டல் அடங்கியதும் வீரபாண்டியைப் பேசச் சொன்னார்கள். அவன் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

“நான் பறக்கலங்க. மருந்து நெடியில மயங்கி விழுந்தேன். சாகக் கெடந்தேன். என் வீட்டுக்காரிதான் உள்ள வந்து இழுத்துப் போட்டா. ட்ரோனை ஓட்டுனதும் அவதான். நான் அதைத் தொட்டதுகூட இல்ல.”

“விமானியின் தன்னடக்கத்தைப் பாருங்கள்!” என்றார் சுகப்பிரியா. முன்னைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோ குளியலறைக்குப் போகும் வழியில் மாட்டப்பட்டது, வேறு எங்கும் இடமில்லை.

வீரபாண்டி சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் பஸ் ஏறி ஊரில் இறங்கி, நேரே காட்டுக்கு நடந்தான். ஜெகதீஸ்வரி தனுஷ்கோடியின் பருத்திக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தாள். ட்ரோன் காட்டின் அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி, இவர்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது. அவள் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“என்ன குடுத்தாக?”

“பொன்னாடை.”

“அதை மூக்குல இறுக்கக் கட்டிக்கிட்டு அங்கிட்டுப் போயி நில்லுங்க. காத்து இந்தப் பக்கமா அடிக்குது.”

வீரபாண்டி பொன்னாடையை இரண்டாக மடித்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டினான். சரிகை கன்னத்தில் குத்தியது. அவள் கைகாட்டிய இடத்துக்குப் போய், மருந்து முடியும்வரை அங்கேயே நின்றான்.